ஓவன் கதவு முழுதாக மூடாவிட்டால்: ஒரு கேள்வியும் தொடர்ந்து எழுதிய குறிப்புகளும்

2022 நவம்பர் 6, கேள்வி

"அலமாரிக்குள் பொருத்தும் வகையைச் சேர்ந்த 60 லிட்டர் மின் ஓவன் ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். ஜூன் மாதம் வேறு வீட்டுக்குக் குடிவந்தபோது அதையும் கழற்றிக் கொண்டுவந்து புதிய அலமாரியில் பொருத்தினோம். சில மாதங்களாகக் கதவு முழுதாக மூடுவதில்லை. மேல் வலது மூலையில் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்துச் செருகும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. கேக்கின் ஒரு பக்கம் சரியாக வேகவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், கதவு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பதினோராயிரம் ரூபாய் கேட்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

2022 நவம்பர் 6, இரவு

இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கதவு என்பது கண்ணாடி, உலோகச் சட்டம், கைப்பிடி ஆகியவை சேர்ந்த ஒரு பலகை மட்டுமே. கண்ணாடி உடையாமலும் சட்டம் நசுங்காமலும் இருந்தால் பெரும்பாலும் குறை கதவில் இருப்பதில்லை. கதவைத் தாங்கும் இரண்டு கீல்களிலோ, ஓவன் வாயைச் சுற்றியிருக்கும் கேஸ்கட்டிலோ, உள்ளே கதவை முட்டுகிற ஏதோ ஒரு பொருளிலோதான் இருக்கும். எனக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே தொல்லை வந்தது. நான் முதலில் கேஸ்கட்டை மாற்றினேன். அது தேவையில்லாத செலவு.

இன்றிரவே, ஓவன் ஆறிய பிறகு, சிலவற்றைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பித் தட்டுகளையும் ட்ரேக்களையும் முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள்; முன்பின் மாற்றிச் செருகிய கம்பித் தட்டு ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டு நின்று கதவைத் தடுப்பது மிகவும் சாதாரணமாக நடக்கும். அடுத்து, கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து மெதுவாக மூடிக்கொண்டே வந்து, கடைசி மூன்று நான்கு விரற்கடை தூரத்தில் கையை எடுத்துவிடுங்கள். நல்ல கீலாக இருந்தால் அந்தக் கடைசித் தூரத்தைக் கதவு தானாக இழுத்துக்கொண்டு மூடும். இழுக்கவில்லை என்றால் கீலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது.

பிறகு தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக்கும் ஓவன் வாய்க்கும் இடையில் அதை வைத்து மூடி, வெளியே இழுங்கள். மேலே, பக்கங்களில், கீழே என எட்டுப் பத்து இடங்களில் இப்படிச் செய்யுங்கள். எங்கும் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டு வந்தால் மூடுதல் சரியாக இருக்கிறது என்று பொருள். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே வெப்பம் வெளியேறுகிறது.

உங்கள் விவரத்தைப் படித்த அளவில் வலப்பக்கக் கீல் வளைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

2022 நவம்பர் 7

நம் வீடுகளில் மைக்ரோவேவையும் ஓவன் என்றே சொல்வதால் இதைத் தனியாக எழுதுகிறேன். இங்கே நான் எழுதுவது எதுவும் மைக்ரோவேவுக்குப் பொருந்தாது. அதன் கதவு 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உள்ளேயே நிறுத்தி வைக்கும் தடுப்பு. கதவு மூடினால்தான் இயங்கும்படி பூட்டுச் சுவிட்சுகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடியது. மைக்ரோவேவின் கதவு கோணினால், கொக்கி உடைந்தால், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள வலை பிய்ந்தால், அதை நிறுத்திவிட்டுப் பயிற்சி பெற்ற ஆளிடம் கொடுங்கள். வீட்டில் வைத்துக் கழற்றாதீர்கள்.

2022 நவம்பர் 8

என் ஓவனுக்கு என்ன ஆனது என்பதை விரிவாக எழுதச் சொன்னார்கள்.

நான் தூத்துக்குடியில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கேக்கும் மக்ரூனும் செய்து கொடுக்கிறேன். மக்ரூன் என்பது முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றும் சேர்ந்தது. அது வேகிறது என்று சொல்வதைவிட மெல்ல உலர்கிறது என்று சொல்வதே பொருத்தம். என் ஓவனில் 110 டிகிரிக்கு மேல் நான் போவதில்லை. ஒரு தட்டு முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓவனின் ஒவ்வொரு குறையையும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்தப் பண்டம்தான். 2019-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், ஒரே தட்டில் பின்வரிசை மக்ரூன்கள் இளம் பழுப்பாக நிறம் மாறியிருக்க, கதவை ஒட்டிய முன்வரிசை மட்டும் வெள்ளை மாறாமல், தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு, தாளை உரித்தால் அடிப்பாகம் தாளோடேயே தங்கியது. முதலில் சர்க்கரையைச் சந்தேகப்பட்டேன். பிறகு முட்டையை. பிறகு மழைக்காலத்தின் ஈரக்காற்றை. ஆறு நாட்கள் இப்படிப் போயின.

ஏழாம் நாள், அடுப்பங்கரையில் நின்றிருந்த அம்மா, ஓவனின் குமிழைத் திருப்பப் போய்க் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குமிழ் சுட்டிருக்கிறது. அதன் அடிவிளிம்பு மஞ்சளாகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கதவின் மேல் விளிம்புக்கு நேராகப் புறங்கையைக் கொண்டுபோனேன். வெப்பம் சீராக அடித்துக்கொண்டிருந்தது.

அன்றே ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிச் சோதித்தேன். 160-இல் வைத்தபோது பின்புறம் 168, முன்புறம் 142. ஒரே பெட்டிக்குள் 26 டிகிரி வேறுபாடு. மேல் இடைவெளி வழியாகச் சூடான காற்று ஏறி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவின் கீழ்ப்புறம் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. அது முதலில் படுவது முன்வரிசையின் மேல். வெப்பம் குறைகிறது என்று உணரும் உணர்கருவி, கம்பிகளை மேலும் மேலும் எரியவிடுகிறது, பின்பக்கம் தீய்கிறது. முன்னால் வேகாமலும் பின்னால் கருகியும் ஒரே தட்டு வெளியே வருமானால் மாவில் குறை தேடாதீர்கள்.

குறை எங்கே என்று தெரிந்த பிறகும் தவறு செய்தேன். கடைக்காரர் கேஸ்கட் போயிருக்கும் என்றார். குக்கரில் ஆவி கசிந்தால் கேஸ்கட்டை மாற்றிப் பழகிய மனம் அதை உடனே ஏற்றுக்கொண்டது. புதிய கேஸ்கட் வந்தது, மாட்டினேன், ஒன்றும் மாறவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தபோதுதான் இடப்பக்கக் கீலுக்குள் இருந்த ஸ்பிரிங் கொக்கிப் பகுதியில் அறுந்து கிடப்பது தெரிந்தது. ஒற்றை ஸ்பிரிங் இழுத்த இழுப்பில் கதவு பாதி மனதோடு மூடிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய கேஸ்கட் இன்னும் பத்து ஆண்டு உழைத்திருக்கும்.

2022 நவம்பர் 9

நாட்காட்டித் தாள் சோதனையைப் பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம் தேவை. ஒருவர் தன் புதிய ஓவனில் சோதித்துவிட்டு, கீழ் விளிம்பு முழுவதும் தாள் வழுக்கிக்கொண்டு வருகிறது, கதவு கெட்டுவிட்டதா என்று கேட்கிறார். கெடவில்லை. பல ஓவன்களில் கேஸ்கட் மேலேயும் இரு பக்கங்களிலும் மட்டுமே ஓடும், கீழே இருக்காது. "எங்கும் ஒரே மாதிரி" என்று நான் எழுதியது நான்கு பக்கமும் கேஸ்கட் உள்ள ஓவனுக்கே பொருந்தும். முதலில் கதவைத் திறந்து, கேஸ்கட் எங்கிருந்து எங்கு வரை போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அது இருக்கும் இடங்களில் மட்டும் தாளை வையுங்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று. கதவின் மேல் விளிம்புக்கும் குமிழ்கள் இருக்கும் பலகைக்கும் நடுவே வெதுவெதுப்பான காற்று வருவது அலமாரி ஓவன்களில் இயல்பு. உள்ளிருக்கும் குளிர்விப்பு விசிறி மின்பாகங்களின் சூட்டை அந்த வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. ஓவனை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அது ஓடிக்கொண்டிருக்கும். கதவின் அடியில் இருக்கும் நீள்துளைகளும் கண்ணாடிகளுக்கு இடையே காற்று ஏறிச் செல்ல வைத்தவை, அவற்றை அடைக்கக்கூடாது. விசிறிக் காற்று பலகையின் முழு நீளத்துக்கும் பரவலாக வரும். கசிவோ ஒரு மூலையில் அல்லது ஒரு பக்கத்தில் கூர்மையாகச் சுடும். புறங்கையை மெல்ல நகர்த்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

2022 நவம்பர் 11

கதவைக் கழற்றும் முறையைக் கேட்டு நான்கு பேர் எழுதிவிட்டார்கள். இதை அவசரமில்லாமல் படியுங்கள். காயம் படக்கூடிய ஒரே இடம் இதுதான்.

ஓவன் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். சுவருக்குள் நேராக இணைத்திருந்தால் அதற்குரிய பிரேக்கரை இறக்கிவிடுங்கள். கதவை முழுவதுமாக, மேசைபோலக் கிடைமட்டமாகத் திறங்கள். கதவு ஓவனோடு சேரும் இரு கோடிகளிலும் கீலின் மேல் சிறிய கொக்கி அல்லது நெம்புத் துண்டு படுத்திருக்கும். இரண்டையும் கதவை நோக்கி நிமிர்த்திக் கடைசி வரை திருப்புங்கள். விரலால் முடியாவிட்டால் தட்டையான திருப்புளி போதும். இப்போது கதவை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். முக்கால்வாசி மூடிய நிலைக்கு அருகில் ஏதோ பிடித்துக்கொண்டதுபோல் நிற்கும். அந்த நிலையிலேயே இரு பக்கமும் கைகளால் அணைத்துப் பிடித்து, சற்றே மேலே தூக்கி உங்கள் பக்கம் இழுத்தால் கீல்களின் இரு கரங்களும் ஓவன் உடலிலுள்ள துளைகளிலிருந்து வெளியே வந்துவிடும். கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள். மூன்று அடுக்குக் கண்ணாடி உள்ள கதவு நாம் எதிர்பார்ப்பதைவிடக் கனமானது. பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

கதவு வெளியே வந்த பிறகு அந்தக் கொக்கிகளைத் தொடாதீர்கள். கரங்களை விரித்த நிலையில் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான். கை பட்டு ஒரு கொக்கி விடுபட்டால், முழு ஸ்பிரிங்கின் விசையோடு கரம் கதவின் மேல் வந்து அறையும். விரல் நடுவில் இருந்தால் எலும்பு முறியும். குழந்தைகளை அந்த அறைக்குள் விடவே வேண்டாம்.

இனி கரங்களைப் பாருங்கள். இரண்டையும் பக்கவாட்டிலிருந்து ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் எது வளைந்திருக்கிறது என்பது உடனே தெரியும். கரத்தின் அடியில் ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கும். ஓவன் உடலின் துளை விளிம்பில் அதுதான் உட்கார வேண்டும். அந்தப் பள்ளத்தில் எண்ணெயும் சர்க்கரைப் பாகும் கருகிக் கல்லாகி உறைந்திருந்தால் கரம் முழுதாக இறங்காது; கதவு அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி ஒரு மணி நேரம் விட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். துளைக்குள் சிறு உருளை இருக்கும் ஓவன்களில் அது சுழல்கிறதா என்றும் பாருங்கள். கீலைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள்; சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அவை தானாகவே தளர்கின்றன.

திரும்ப மாட்டும்போது அதே சாய்வில் இரு கரங்களையும் ஒரே நேரத்தில் துளைகளில் செருகி, கதவை முழுவதும் திறந்து, கொக்கிகளைப் பழையபடி படுக்க வைக்க வேண்டும். ஒரு பக்கம் பள்ளத்தில் உட்காராமல் இருந்தால் கதவு கோணலாக நிற்கும். அந்த நிலையில் அழுத்தி மூட முயன்றால் நல்ல கீலும் வளைந்துவிடும்.

2022 நவம்பர் 11, சற்று நேரம் கழித்து

கழற்றிய கதவை எங்கே வைப்பது என்று எழுத மறந்துவிட்டேன். நான்காக மடித்த ஜமுக்காளத்தின் மேல், கைப்பிடி விளிம்புக்கு வெளியே தொங்கும்படி மேசையில் படுக்க வையுங்கள். தரையில் செங்குத்தாகச் சாய்த்து வைக்கவே வேண்டாம். இந்தக் கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்தியது. முகத்தில் விழும் அடியைத் தாங்கும், ஓரத்தில் விழும் சிறு தட்டலைத் தாங்காது. ஓரத்தில் ஒரு பொடி உதிர்ந்தால்கூட அன்று ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் சூட்டில் மொத்தமாகப் பொடிப்பொடியாகக் கொட்டிவிடக்கூடும்.

2022 நவம்பர் 14

குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் ஃபிரீசரில் வைத்து எடுப்போமே, ஓவன் கேஸ்கட்டையும் அப்படிச் செய்யலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். குளிரில் சுருங்கியது சூட்டில் பழைய நிலைக்கு வந்துவிடும். குக்கரில் மூடியைப் பொருத்தி ஆவி கட்டும் வரை தாங்கினால் போதும். பிறகு உள்ளிருக்கும் அழுத்தமே கேஸ்கட்டை இறுக்கிக்கொள்ளும். ஓவனுக்குள் அழுத்தம் எதுவும் கிடையாது. அங்கே கேஸ்கட்டை அமுக்கிப் பிடிப்பது கீலின் ஸ்பிரிங் மட்டும்தான். என் புதிய கேஸ்கட் பயன்படாமல் போனதும் இதனால்தான். அமுக்குவதற்கு ஆள் இல்லை.

கேஸ்கட்டே குறையாக இருக்கும் நேரங்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. விரலால் அமுக்கினால் மீண்டும் எழும்பாமல் தட்டையாகக் கிடந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, மூலையிலுள்ள கொக்கி கழன்று மடங்கிக் கிடந்தாலோ மாற்றலாம். மடங்கியிருந்தால் மாற்றக்கூட வேண்டாம்; கொக்கியை மீண்டும் துளையில் செருகினால் போதும். புதிதாக வாங்கும்போது ஓவனின் மாதிரி எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். கதவைத் திறந்தால் வாய்ச்சட்டத்தின் ஓரத்தில் அந்த எண் பொறித்த தகடு பெரும்பாலும் இருக்கும். ரப்பர்போல் வழவழப்பாக இருப்பது சிலிக்கோன். அதை ஈரத்துணியால் துடைக்கலாம். கயிறுபோல் பின்னியிருப்பது கண்ணாடி இழை. அதைத் தேய்க்கவும் கூடாது, நனைக்கவும் கூடாது.

அலுமினியத் தாளை மடித்து இடைவெளியில் வைப்பதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். தம் பிரியாணிக்கு மாவைப் பிசைந்து சட்டியின் வாயில் ஒட்டுகிறோம் என்றால், அந்த மூடி எங்கும் சுழல்வதில்லை. ஓவன் கதவு கீலில் சுழல்வது. ஒரு பக்கம் கனமான மடிப்பை வைத்து மூடினால் மறுபக்கக் கீல் ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது. ஒரு மூலையின் கசிவை அடைக்கப் போய் இரு கீல்களையும் இழக்க வேண்டாம்.

2022 நவம்பர் 15

ஓடிஜி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. மேசை மேல் வைக்கும் இந்தச் சிறிய ஓவன்களில் பெரும்பாலும் கேஸ்கட்டே கிடையாது. தகடு தகட்டோடு சேர்வதுதான் அதன் மூடுதல். ஒரு மயிரிழை இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். திடீரென்று கதவு மூடாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது அடியில் செருகும் துகள் தட்டு. அதைக் கழுவித் திரும்பச் செருகும்போது கடைசிவரை தள்ளாவிட்டால் கதவின் கீழ் விளிம்பை அது முட்டும். அடுத்தது, கதவைத் திறக்கும்போது கம்பித் தட்டையும் சேர்த்து இழுக்கும் சிறு கொக்கிகள். தட்டு சரியான வரிசையில் இல்லாவிட்டால் அவை குறுக்கே நிற்கும். இரண்டும் சரியாக இருந்தும் கதவு தொங்கினால் பக்கத் தகட்டுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் கழன்றிருக்கிறது. பக்கத் தகட்டைத் திறந்தால் கம்பிச் சுருள்களுக்குப் போகும் 230 வோல்ட் இணைப்புகள் வெளியே தெரியும் என்பதால், பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண்முன்னே வைத்துக்கொள்ளாமல் கை வைக்காதீர்கள்.

2022 நவம்பர் 19

கேள்வி கேட்டவர் கதவைக் கழற்றிப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறார். இரண்டு கரங்களும் நேராக இருக்கின்றன. பள்ளங்கள் சுத்தம். ஸ்பிரிங்குகள் நன்றாக இழுக்கின்றன. கேஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை. வலப்பக்கக் கீல் வளைந்திருக்கும் என்று நான் முதல் நாளே எழுதியது தவறு.

இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் அவருடைய கேள்வியை மீண்டும் படித்தேன். விடை இரண்டாவது வாக்கியத்திலேயே இருந்திருக்கிறது: வீடு மாறியபோது கழற்றிக் கொண்டுவந்து புதிய அலமாரியில் பொருத்தினார்கள். "சில மாதங்களாக" என்று அவர் எழுதியதை நான் ஜூனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. என் ஓவனில் கீல் போனதால் எல்லா ஓவனிலும் கீலையே தேடினேன். அதோடு, ஸ்பிரிங் தளர்ந்தால் மேல் விளிம்பு முழுவதும் விலகும். ஒரே ஒரு மூலை மட்டும் விலகி மற்ற மூன்றும் பிடித்துக்கொண்டிருந்தால் வாய்ச்சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கிறதோ என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

இன்று அவரிடம் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஓவன் உட்காரும் பலகையின் மேல் இடமிருந்து வலமாகவும், முன்னிருந்து பின்னாகவும். கதவைத் திறந்தால் வாயின் இரு பக்கச் சட்டங்களிலும் அலமாரியோடு ஓவனைப் பிணைக்கும் திருகுகள் தெரியும். அவற்றை இரண்டு சுற்று தளர்த்திவிட்டுக் கதவை மூடிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். ஓவனின் உடல் மெல்லிய தகடுதான். அடிப்பலகை ஒரு மூலையில் தாழ்ந்திருக்க, திருகுகளை இறுக்கி அலமாரியின் கோணலுக்கு ஏற்ப உடலை இழுத்துவிட்டால், வாயின் செவ்வகம் செவ்வகமாக இருக்காது. கதவு நேராகவே இருக்கும். நேரான பலகை முறுக்கிய சட்டத்தின் மேல் உட்காராது.

2022 நவம்பர் 21

அதுவேதான். திருகுகளைத் தளர்த்திய உடனே நாணய இடைவெளி பாதியாகக் குறைந்ததாம். அடிப்பலகையின் பின்பக்க இடது மூலை தாழ்ந்திருந்தது. ஆசாரியை அழைத்து, ஓவனை வெளியே எடுத்து, அந்த மூலையில் மெல்லிய பிளைவுட் துண்டு வைத்து மட்டம் செய்து, மீண்டும் உள்ளே வைத்துத் திருகுகளை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கியிருக்கிறார்கள். தாள் இப்போது மேல் வலது மூலையிலும் பிடிக்கிறது. ஆசாரிக்குக் கொடுத்த நானூறு ரூபாய்தான் செலவு.

ஓவனைத் தூக்கும்போது கதவைக் கழற்றிவிட்டுத் தூக்கியது நல்ல வேலை. கைப்பிடியில் கைகொடுத்துத் தூக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2022 நவம்பர் 27

கீல் மாற்றியே தீர வேண்டியவர்களுக்கு. ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஸ்பிரிங் ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமும் இருந்தால் இழுப்பு சமமாக இருக்காது, கதவு மெல்ல முறுக்கும். நான் 2019-இல் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று மாதத்தில் மற்றொன்றையும் வாங்கினேன். பழைய கீலின் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து அதே எண்ணுள்ளதை வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் கீல்களுக்குள் ஸ்பிரிங்கின் வலு வேறாக இருக்கும். இரண்டு கண்ணாடிக் கதவுக்கு உரியதை மூன்று கண்ணாடிக் கதவுக்குப் போட்டால் கதவு கையில் நிற்காமல் விழும்.

வளைந்த கரத்தைக் குறட்டால் நிமிர்த்தலாமா என்று கேட்டவருக்கு: நிமிர்த்தலாம், நிற்காது. ஒருமுறை வளைந்த இடம் அடுத்த முறை அதைவிட எளிதாக வளையும்.

2022 டிசம்பர் 4

பேக்கரிகளில் செங்கல் அடுப்பின் வாயை வெறும் இரும்புத் தகட்டைச் சாய்த்து மூடுகிறார்களே, அங்கே எந்தக் கேஸ்கட் இருக்கிறது என்று கேட்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. அந்த அடுப்புக்குள் மணிக்கணக்காக விறகை எரித்து, கங்கையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளி, தரையை ஈரச் சாக்கால் துடைத்துவிட்டுத்தான் ரொட்டியை நீண்ட மரத் துடுப்பால் உள்ளே வைக்கிறார்கள். அப்போது அங்கே நெருப்பு இல்லை. தடித்த செங்கல்லும் மண்ணும் குடித்து வைத்திருக்கும் சூடுதான் வேகவைக்கிறது. தகட்டின் ஓரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் அந்த இருப்பு குறைவதில்லை. ஈழத்தில் போறணை என்று சொல்லும் அடுப்பும் இதுவே. நம் வீட்டு ஓவனோ தகரமும் பஞ்சும். அதற்குள் இருப்பில் சூடு கிடையாது, காற்றில் இருப்பது மட்டும்தான். கதவு ஒரு முறை திறந்தாலே அது போய்விடுகிறது. அதனால்தான் இத்தனை சிறிய இடைவெளிக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

2022 டிசம்பர் 11

கீல் ஏன் வளைகிறது என்பதை நான் இதுவரை எழுதவில்லை. கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிட்டதால் இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

திறந்த கதவு மேசைபோல் இருப்பதால் நாம் அதை மேசையாகவே பயன்படுத்துகிறோம். சூடான ட்ரேயை வெளியே இழுத்து அதன் மேல் வைத்து, கேக்கில் குச்சியைக் குத்திப் பார்க்கிறோம். என் ஓவனில் அளந்தேன்: கீலிலிருந்து கதவின் மேல் விளிம்பு 45 செ.மீ. தொலைவில் இருக்கிறது, கீல் கரம் ஓவன் உடலுக்குள் பிடித்திருக்கும் நீளம் 4 செ.மீ. சொச்சம். கடப்பாரைக் கணக்குதான். விளிம்பில் வைக்கும் 5 கிலோ, கீலின் பிடியில் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பாகிறது. இரண்டு கரங்கள் அதைப் பகிர்ந்துகொள்வதால் ஒரு நாளில் ஒன்றும் ஆவதில்லை. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் ஒரே நாளில் ஆகிவிடும். அதைவிட மோசம், அடுப்போடு சேர்ந்த தனித்து நிற்கும் ஓவன்கள் சுவரோடு பிணைக்கப்படாமல் இருந்தால் அப்படியே முன்னால் கவிழ்ந்துவிடும்.

நான் இப்போது ஓவனுக்குப் பக்கத்திலேயே மேடையில் ஒரு மரப்பலகையை நிலையாக வைத்திருக்கிறேன். ட்ரே வெளியே வந்தால் நேராக அங்கே போகிறது.

2022 டிசம்பர் 12

நேற்றைய குறிப்புக்குச் சிறு திருத்தம். ட்ரேயைக் கதவின் மேல் வைப்பதே கூடாது என்ற தொனியில் எழுதிவிட்டேன். கம்பித் தட்டைப் பாதி இழுத்து, ட்ரே அதன் மேலேயே இருக்கும் நிலையில் குச்சியைக் குத்திப் பார்ப்பதில் தவறில்லை; அப்போது பாரம் ஓவனின் பக்கச் சுவர்களில் இறங்குகிறது, கதவில் இல்லை.

2023 பிப்ரவரி 5

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு எட்டு கேக்குகள், பொங்கல் விடுமுறையில் பிஸ்கட்டுகள், எல்லாம் இரு பக்கமும் ஒரே நிறத்தில் வந்தனவாம். வெப்பமானி ஒன்று வாங்கியிருக்கிறார். முன்னும் பின்னும் வேறுபாடு 6 டிகிரி. என்னுடையதில் 7. பழைய மெக்கானிக் வேறு வேலையாக வந்தபோது ஓவனைக் காட்டியிருக்கிறார். அவரும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் முதலில் இதைப் பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பிளைவுட் துண்டு ஈரத்தில் ஊறினால் பருமன் மாறும். மழைக்காலம் முடிந்த பிறகு ஒருமுறை தாளை வைத்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன்.